மவுஸை எந்தப் பக்கம் வைப்பது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பித்த சமாச்சாரம் இல்லை. ஒரு பள்ளிக்கூட மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நாலு பக்கம். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘மழலையர் கல்வியில் கணினியின் பயன்’. கேட்டவர் ராஜாராமன். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சேலையூரில் கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு நர்சரிப் பள்ளி நடத்துகிறார். நான் அதே காலனியில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவள், பத்திரிகைகளில் கதை எழுதுகிறவள். “நீங்க ஒரு தடவை எங்க கம்ப்யூட்டர் கிளாஸை வந்து பாருங்க மேடம். பார்த்தா தானா எழுத வரும்” என்றார்.

போய்ப் பார்த்தேன். வந்தது கட்டுரை இல்லை.

[கணினி யுகத்தில் பிறந்த நம் குழந்தைகள் பாக்கியசாலிகள். ஏனென்றால் —]

இதுதான் கட்டுரையின் முதல் வரி. அடித்துவிட்டேன். அடித்ததை நீங்கள் பார்க்க முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் இன்று யாரும் படிக்கவோ எழுதவோ கூடாது. என் கணவர் மதியழகன் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு அந்தப் பெயரை வைத்த என் மாமனார் சாமி கும்பிடாதவர். மகன் அப்பாவுக்கும் சேர்த்துக் கும்பிடுகிறார். காலையில் எழுந்ததும் வீட்டிலுள்ள புத்தகம், பேனா, என் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மானிட்டருக்குக் கதம்பம் சாத்தி, “நாளைக்குக் காலையில மறுபூஜை முடியற வரைக்கும் எதையும் நகர்த்தக் கூடாது” என்று என்னைப் பார்த்தே சொல்லிவிட்டுப் பட்டறை பூஜைக்குக் கிளம்பிப் போனார்.

அவர் மறந்துபோன ஒரே பேனா, டெலிபோன் பக்கத்தில் நூல் கட்டித் தொங்குகிற பேனா. அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நூல் எட்டுகிற தூரத்துக்குள்தான் எழுத முடியும் என்பதால் ஸ்டூலில் கோணலாக உட்கார்ந்திருக்கிறேன், முதுகு வலிக்கிறது. கம்ப்யூட்டரில் என்றால் தப்பான வரி தடயமில்லாமல் போய்விடும். பேனாவில் போகாது. அடித்தவை அடித்தபடியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அந்தக் கம்ப்யூட்டர் அறையின் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி. ஒவ்வொரு மெஷினுக்கும் பூப்போட்ட உறை, ஓரத்தில் லேஸ். யூகேஜி பிள்ளைகள் வரிசையாக வந்து பாயில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு மானிட்டர் எது, கீபோர்டு எது, மவுஸுக்கு வால் எது என்று ராகம் போட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் நோட்டில் கம்ப்யூட்டர் படம் வரைந்து அதன் பாகங்களைக் குறித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு குழந்தை எழுந்து போய், உறையை விலக்கி, தன் பெயரின் முதல் எழுத்தை ஒரு தடவை அமுக்கியது. மற்றவர்கள் கை தட்டினார்கள். அடுத்த வாரம் அடுத்த குழந்தை.

“எல்லாரும் தொட்டா கெட்டுப்போயிடும் இல்லையா மேடம்” என்றார் ராஜாராமன்.

கிண்டல் செய்வது சுலபம். நானும் ஒரு பக்கம் கிண்டலாக எழுதினேன், நன்றாகவே வந்தது, கிழித்துப் போட்டேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. வாசல் பலகையில் ‘கம்ப்யூட்டர் உண்டு’ என்று எழுதாவிட்டால் கேம்ப் ரோட்டில் ஒரு பெற்றோரும் படியேற மாட்டார்கள், அதனால் வாங்கினார். வாங்கியதை வைத்துக்கொண்டு ஐந்து வயதுக் குழந்தை என்ன செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

3

இங்கே டீச்சர் வர வேண்டும்.

[சுந்தரவல்லி, கண்களில் கனவுகளைச் சுமந்தபடி, மாற்றத்தின் விதையை —]

சீ. யார் கண்ணில் கனவு? காலை நேரத்தில் முடிச்சூரிலிருந்து தாம்பரம் வந்து, பஸ் மாறி, நசுங்கி, சேலையூரில் இறங்குகிறவள் கண்ணில் தூக்கம்தான் இருக்கும். சுந்தரவல்லி யூகேஜி டீச்சர். கோபக்காரி. சத்தம் போட்டால் தெருமுனைவரை கேட்கும். ஒரு கம்ப்யூட்டரை ஏசி அறையிலிருந்து எடுத்து வகுப்பிலேயே வைக்க வேண்டும் என்று ராஜாராமனிடம் கேட்டவள் இவள்தான். ஏன் கேட்டாள் என்பதற்கு நான் கல்விச் சிந்தனையாக ஒரு பத்தி எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள்.

“அதெல்லாம் இல்லக்கா. நோட்டு திருத்தவே நேரம் இல்ல. நாலு வாலுங்கள அது முன்னாடி உக்கார வச்சா கொஞ்சம் மூச்சு விடலாமேன்னு கேட்டேன். நீங்க என்னமோ பெருசா எழுதியிருக்கீங்க.”

நான் அந்தப் பத்தியையும் அடித்தேன். இவளை உத்தமியாக்காமல் எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். ஆனால் நல்லவளாக எழுதாமலும் இருக்க முடியவில்லை. இந்த இழுபறி உங்களுக்குத் தெரியும்படியே இருக்கட்டும்.

ராஜாராமன் அரை மனதாக, இருப்பதிலேயே பழைய மெஷினைக் கொடுத்தார். திரை அவ்வப்போது நடுங்கும். வகுப்பறை மூலையில் ஒரு மேசை. மேசையின் வலது ஓரம் இரும்பு பீரோவில் இடித்தது. கீபோர்டை வைத்தபின் வலது பக்கம் மவுஸுக்கு இடமில்லை. பீரோவை நகர்த்தினால் கதவு திறக்காது. அதனால் மவுஸை இடது பக்கம் வைத்தார்கள். இதற்கு மேல் இதில் எந்தத் திட்டமும் கிடையாது.

4

நிகில் யூகேஜி படிக்கிற பையன். எழுத மாட்டான். வாசிப்பான், எண்ணுவான், கேட்டால் தலையை ஆட்டுவான், ஆனால் பென்சிலைக் கொடுத்தால் உடம்பு விறைத்துவிடும். வலது கையால் ஒரு கோடு இழுப்பான். கோணும். அழிப்பான். மறுபடி இழுப்பான். அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதும் அதைக் கிழித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வான். அவன் வலது மணிக்கட்டில் ஒரு வெள்ளிக் காப்பு. ‘இது இருக்கிற கைதான் எழுதுற கை’ என்று சொல்லி அம்மா போட்டுவிட்டது.

ஆமாம், இடது கைப் பையன். அது எல்லாருக்கும் தெரியும்.

அம்மா சாவித்ரி இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அடுத்த வருஷம் அவனைத் தாம்பரத்தில் ஒரு பெரிய பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அங்கே எழுத்துத் தேர்வு உண்டு. ஐந்து வயதுக்கு என்ன தேர்வு என்று என்னிடம் கோபப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான். எழுதாவிட்டால் இடமில்லை.

“நானும் அவன் இடது கையில ஸ்கேலால தட்டியிருக்கேன்க்கா” என்றாள் சுந்தரவல்லி. “அவங்க அம்மா டைரில எழுதி அனுப்பினாங்க, ரைட் ஹேண்ட் பழக்குங்கன்னு. தட்டினேன். பொய் சொல்ல மாட்டேன்.”

அவனை அந்த மூலைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்ததும் நோட்டுத் திருத்துவதற்காகத்தான். படம் வரைகிற பக்கம் திறந்திருந்தது. மவுஸ் இடது பக்கம் இருந்தது. வேறு வழியில்லை, இடது கையால் பிடித்தான். யாரும் தட்டவில்லை. அந்தப் பக்கத்தில்தானே வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு பெட்டி. பிறகு சக்கரம். சக்கரம் முட்டையாக வந்தது. ரப்பரைத் தேடினான். சுந்தரவல்லி எட்டிப் பார்த்து, கடைசியாகச் செய்ததைத் திரும்ப எடுக்கிற வழியைக் காட்டினாள். அமுக்கினான், சக்கரம் போய்விட்டது. தாள் ஓட்டையாகவில்லை. மறுபடி வரைந்தான், வேண்டுமென்றே கோணலாக. மறுபடி அமுக்கினான். போய்விட்டது. அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்கிறாள்.

[“தப்பு செஞ்சா இது திட்டாது மிஸ்” என்றான் நிகில்.]

இந்த வசனம் என் முதல் பிரதியில் இருந்தது. அவன் அப்படிச் சொல்லவே இல்லை. நான் சொல்லவைத்தேன். அவன் என்ன சொன்னான் என்று சுந்தரவல்லியிடம் கேட்டு எழுதுகிறேன். சக்கரம் சரியாக வருவதற்குள் நாலு குழந்தைகள் அவனைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பெட்டி தண்ணீர் லாரியாகியிருந்தது. பின்னால் ஒரு குழாய்கூட வந்துவிட்டது. இந்த வருஷம் லாரித் தண்ணீரில்தான் காலனியே உயிரோடு இருக்கிறது. அஞ்சலி என்கிற பெண் குழந்தை அதட்டினாள்:

“டேய், கொடம் எங்கடா? கொடம் இல்லாம எதுக்கு லாரி வருது?”

நிகில் திரும்பிப் பார்க்காமல் சொன்னானாம்:

“லாரி ரிவர்ஸ் வருது. எல்லாரும் தள்ளுங்க.”

வகுப்பில் அவனாகப் பேசிய முதல் முழு வாக்கியம் இது. கூட்டம் உண்மையிலேயே தள்ளி நின்றது. சுந்தரவல்லி நோட்டுகளை மூடி வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஸ்கேல் வெளியே வரவில்லை. கம்ப்யூட்டரில் வரைந்ததைத் தாளிலும் வரைந்தான், இடது கையில் கிரேயானோடு. படத்துக்குக் கீழே எழுத்துகள் வந்தன. லாரி என்று எழுதினான், குடம் என்று எழுதினான். பள்ளி ஆயா அங்காளம்மாதான் முதலில் சத்தம் போட்டவள்: “இன்னா மிஸ், அந்தப் புள்ள பீச்சாங்கையால எழுதிகினு கீது, நீ பாட்டுக்குப் பார்த்துகினு கீற?” சுந்தரவல்லி அவனுக்கு அடுத்த கிரேயானை எடுத்துக் கொடுத்தாள். அவன் அம்மாவிடம் இதைச் சொல்லவும் இல்லை.

பள்ளி விடுகிற நேரத்தில் ஒரு நாள் நான் வகுப்பில் இருந்தேன். நிகில் தரையில் படுத்துக் குடங்களுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தான். வாசல் இரும்புக் கேட் கிறீச்சிட்டது. சாவித்ரியின் ஸ்கூட்டி. அவன் தலை நிமிரவில்லை. கிரேயான் மட்டும் இடது கையிலிருந்து வலது கைக்குப் போனது. யாரும் அதட்டவில்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை. அவனாகவே மாற்றிக்கொண்டான். சிவப்பு குடத்தைத் தாண்டி வெளியே கோணலாகப் போனது.

கட்டுரை அங்கேயே செத்துப்போனது.

5

இந்த இடத்தில் கருத்து சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கிறது. ராஜாராமனுக்கு வேண்டியது ஒரே வரிதான்: எழுத மறுத்த குழந்தையைக் கணினி எழுத வைத்தது. மலரில் கொட்டை எழுத்தில் போடலாம். பெற்றோர் படிப்பார்கள். அதில் பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை, ஆனால் அந்த வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஏசி அறையிலும் இதே மெஷின்கள்தான் இருக்கின்றன. அங்கே மவுஸ் எல்லாம் வலது பக்கம். அங்கே நிகிலும் கையைக் கட்டிக்கொண்டு பாடத்தான் செய்தான். அப்படியானால் நன்றியை பீரோவுக்கா சொல்வது? பாதி அதற்குத்தான். மீதி, நோட்டை மூடி வைத்துவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தவளுக்கு. சின்னக் குழந்தையின் வகுப்பில் கம்ப்யூட்டர் எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால், குழந்தை அதைத் தொட வேண்டும், தப்பு செய்ய வேண்டும், பெரியவர் ஒருவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்வேன். இது நாலு பக்கம் வராது.

(என் கணவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “எங்ககிட்ட இடது மரை போட்ட போல்ட்டும் வரும். அதுல வலது மரை நட்டை வலுக்கட்டாயமா ஏத்தினா ரெண்டுமே போயிடும்.” எழுத்தாளருக்கு இதைவிட ருசியான வசனம் கிடைக்குமா? கதையின் முடிவில் வைத்தால் கும்மென்று இருக்கும். அதனாலேயே இங்கே நடுவில், அடைப்புக்குள், போட்டுத் தொலைக்கிறேன். அவன் குழந்தை, போல்ட் இல்லை.)

6

இப்போது நாளைக்கு என்ன நடக்கப்போகிறது என்று சொல்ல வேண்டும்.

நாளை விஜயதசமி. புதுக் குழந்தைகளைச் சேர்க்கிற நாள். ஹாலில் நெல் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பார்கள். இந்த வருஷம் ராஜாராமனுக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. வகுப்பறைக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர் நிகில் மவுஸால் எழுதிய ‘அ’வைப் பார்த்துவிட்டார். எப்படி எழுதினான் என்று பார்க்கவில்லை. நாளைக்கு எல்லாப் பெற்றோர் முன்னிலையிலும், மாலை போட்ட கம்ப்யூட்டரில், நிகில் ‘அ’ எழுதுவான். அதைப் பார்த்துப் புதுக் குழந்தைகள் நெல்லில் எழுதுவார்கள். என் கட்டுரை அங்கே வாசிக்கப்படும். சாவித்ரிக்குச் சொல்லியாகிவிட்டது.

மெஷினை ஹாலுக்குத் தூக்கி வந்து நடுவில் மேசை போட்டு வைத்துவிட்டார்கள். ஹாலில் பீரோ இல்லை. மவுஸை வலது பக்கம் வைத்துவிட்டார்கள், எல்லாரும் வைக்கிற மாதிரி. சந்தனம் குங்குமமும் வைத்தாயிற்று.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பேனாவின் நூல் ரிசீவரில் சிக்கிக்கொண்டது. சுந்தரவல்லி.

“அக்கா, நேத்து மதியம் நான் இல்லாத நேரத்துல வச்சிட்டாங்க. பூஜை போட்டதை நகர்த்தக் கூடாதாம். சார்கிட்ட கேட்டேன், காலைல சூடம் காட்டினதும் பையன் நேரா வந்து உக்காரட்டும்னுட்டாரு.”

“சூடம் காட்டினப்புறம் நீ நகர்த்தேன்.”

“எல்லார் முன்னாடியுமா? அவன் எடது கையால எழுதுவான். நல்லா எழுதுவான். அவங்க அம்மா மூஞ்சி என்ன ஆகும்? வீட்டுக்குப் போய் அவன் என்ன ஆவான்?”

“அப்போ வலது பக்கமே இருக்கட்டும்.”

“உறைஞ்சு போய் நிப்பான்க்கா. இல்ல கிறுக்குவான். இத்தனை நாளா இந்த மெஷினை வச்சு என்ன கிழிச்சீங்கன்னு சார் அதைத் திரும்ப ஏசி ரூம்ல வச்சு உறை போட்டுடுவாரு. இவனும் பழையபடி ஆயிடுவான். பேப்பரைக் கிழிச்சுப் பாக்கெட்ல திணிச்சுக்கினு.”

அவள் குரல் உடைந்தது. எரிந்து விழுகிறவள் அழுதால் எனக்குத் தாங்காது. “அவங்க அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடேன்” என்றேன்.

“மறைச்சதே நான்தான். நான் சொன்னா சண்டைதான் வரும். நீங்க சாயங்காலம் அவங்க வீட்டுக் கொலுவுக்குப் போறீங்க இல்ல?”

7

எழுத்தாளரிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வார்? முடிவுகளை எழுதிப் பார்ப்பார்.

முதல் முடிவு. மவுஸ் வலது பக்கமே இருக்கிறது. நிகில் காப்புப் போட்ட கையால் ஒரு கோணல் கோடு இழுக்கிறான். எல்லாரும் கை தட்டுகிறார்கள். குழந்தை எதைச் செய்தாலும் நாம் கை தட்டுவோம், அதுதான் இதில் பயங்கரம். கை தட்டல் நிற்கும்போது அவன் —

[இதை எழுத முடியவில்லை.]

இரண்டாவது முடிவு. சுந்தரவல்லி மவுஸை இடது பக்கம் வைக்கிறாள். அவன் வட்டமாக, அழகாக ‘அ’ எழுதுகிறான். ஹாலில் சத்தமே இல்லை. சாவித்ரி எழுந்து நின்று கண்ணீரோடு மகனை அணைத்து —

[இல்லை. யாரும் அப்படி உடனே மாற மாட்டார்கள். நான் பார்த்தவரையில் எழுந்து வெளியே போவார்கள், மறுநாள் டிசி கேட்பார்கள்.]

மூன்றாவது முடிவு. கதை சொல்கிறவள் கொலுவுக்குப் போய், பக்குவமாகப் பேசி, எல்லாவற்றையும் —

இது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நான் பக்குவமாகப் பேசி எங்கள் வீட்டில் ஒரு ஸ்விட்ச் போர்டைக்கூட மாற்றியதில்லை. ஆனால் போய்த்தான் ஆக வேண்டும். பேனாவைத் தொங்கவிட்டுவிட்டுப் புடவை மாற்றப் போகிறேன்.

8

போய்விட்டு வந்தேன்.

சாவித்ரி வீட்டுக் கொலு அடக்கமானது. கீழ்ப் படியில் மணல் பரப்பி ஒரு சின்ன ஊர். அதில் தண்ணீர் லாரி ஒன்று இருந்தது, தீப்பெட்டியில் செய்தது. யார் செய்தது என்று கேட்கவில்லை.

“நாளைக்கு அவனுக்குப் பட்டு வேஷ்டி எடுத்து வச்சிருக்கேன்” என்றார் சாவித்ரி. முகம் பூரித்திருந்தது. “எழுதவே மாட்டேங்கறான்னு எத்தனை அழுதிருக்கேன் தெரியுமா? கம்ப்யூட்டர்ல எழுதறானாமே. நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“நல்லா எழுதறானா?”

“ரொம்ப நல்லா.”

கை என்கிற வார்த்தை என் தொண்டைவரை வந்தது. அவரே ஆரம்பித்தார். “என்னைக் கொடுமைக்காரின்னு நினைச்சுக்காதீங்க, அந்தக் காப்பைப் பார்த்து. நாளைக்கு ஒரு கல்யாணத்துல, கோயில்ல, அவன் இடது கையை நீட்டினா சுத்தி இருக்கறவா பேசுவா. முதல்ல என்னைச் சொல்வா, அப்புறம் அவனை. அது அவனுக்கு வேண்டாம்னுதான்.”

சொல்லிக்கொண்டே எனக்குச் சுண்டல் எடுத்துக் கொடுக்கத் திரும்பினார். கரண்டியை இடது கையால் எடுத்தார். ஒரு கரண்டி அள்ளினார். பிறகு நிறுத்தி, கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். அன்றைக்குப் பள்ளியில் கேட் கிறீச்சிட்டபோது கிரேயான் மாறியது போலவே.

இப்படி நடந்தது கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது என்று நீங்கள் முகம் சுளிப்பீர்கள். எனக்கும் அதே சந்தேகம் வந்தது. நான் பார்த்தேனா, கதைக்காகப் பார்த்தேனா? அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டிராவிட்டால் இந்தப் பத்தியையும் அடித்திருப்பேன்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். கொஞ்சம் சிரித்தார்.

“அவசரத்துல வந்துடும். எனக்குச் சின்ன வயசுல கையைத் துணியால முதுகோட சேர்த்துக் கட்டி வச்சா. நான் அவனுக்குக் காப்புதானே போட்டிருக்கேன்?”

அது கேள்வி. என்னிடம்தான் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் அடுத்த கூட்டம், பட்டுப்புடவையும் குங்குமச் சிமிழுமாக. “வாங்கோ, வாங்கோ” என்று அவர் எழுந்து போய்விட்டார்.

கிளம்பும்போது நிகில்தான் எனக்கு வெற்றிலை பாக்குப் பையைக் கொண்டுவந்து கொடுத்தான், காப்புப் போட்ட கையால். என்னை நிமிர்ந்து பார்த்தான். கிரேயான் மாறியதை நான் பார்த்தேன் என்று அவனுக்குத் தெரியும். கூடத்தில் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். அவன் மெதுவாகக் கேட்டான்:

“ஆன்ட்டி, ஹால்ல பீரோ இருக்குமா?”

ஐந்து வயதில் இதையும் யோசித்து வைத்திருக்கிறான்.

“இருக்காதுடா.”

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினான். பிறகு தண்ணீர் லாரியைச் சரியாக நிறுத்தக் கொலுப்படிக்குப் போனான்.

9

வரும் வழியில் பள்ளிக்குள் நுழைந்தேன். ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்காளம்மா வாசலில் நாளைக்கான கோலத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் மேசை. மானிட்டருக்குச் சாமந்தி மாலை. வலது பக்கத்தில் மவுஸ், அதன் முதுகில் சந்தனமும் குங்குமமும்.

“இன்னா யம்மா, அத்தையே பார்த்துகினு நிக்கிற?” என்றாள். “தொடாத. சாமிக்கு வச்சது. காத்தால சூடம் காட்டினப்புறம்தான்.”

“அந்தப் பையனுக்கு அந்தப் பக்கம் இருந்தாத்தான் வரும், அங்காளம்மா.”

“அதுக்காண்டி? சாமி நாள் அதுவுமா பீச்சாங்கையால எழுதுவாங்களா? எனக்கு ஒண்ணும் தெரியாது யம்மா, பேஜாரு.” கோலமாவை விரல் நடுவில் வைத்துக்கொண்டு மேசையை எட்டிப் பார்த்தாள். பிறகு, “ஆனா அந்தப் புள்ள லாரி போடறச்சொல பார்க்கணும் நீ” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள்.

நான் தொடவில்லை. குனிந்து மட்டும் பார்த்தேன். மவுஸின் வயர் மேசைக்குப் பின்னால் நீளமாகச் சுருண்டு கிடக்கிறது. இடது பக்கத்துக்கும் தாராளமாக எட்டும்.

வீட்டுக்கு வந்து மறுபடி இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். கணவர் பொரியும் கடலையுமாக வரும் சத்தம் மாடிப்படியில் கேட்கிறது. பேனாவைப் பார்த்தால் கத்துவார். முடிவை எழுதப் போவதில்லை. எழுத வரவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், கவலையில்லை. இன்னும் நடக்காததை நான் எழுதிவைத்தால், நாளைக்கு அந்த ஹாலில் இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அவன் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

அதற்குப் பதிலாக உங்களுக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். முன் வரிசையில், மேசைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி. அது விருந்தினருக்கு, அதாவது எனக்குப் போட்டது. நான் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். கை நீட்டினால் மவுஸ் எட்டும். சுவரோரம் சுந்தரவல்லி நிற்பாள், உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் சாவித்ரி. அவருடைய இரண்டு கைகளும் மடியில் இருக்கும்.

நாளைக் காலை. சூடம் காட்டியாகிவிட்டது. இனி எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

பட்டு வேஷ்டி தடுக்கத் தடுக்க அவன் வருகிறான். நாற்காலியில் ஏறுகிறான். முதலில் அம்மாவைப் பார்க்கிறான். அப்புறம் வலது பக்கம் இருக்கிற மவுஸைப் பார்க்கிறான். அப்புறம், இடது பக்கத்தில், வகுப்பில் மவுஸ் இருந்த இடத்தில், வெறுமையாகக் கிடக்கிற மேசையைப் பார்க்கிறான்.

காப்பு இல்லாத கை மேசைக்குக் கீழே இருக்கிறது. அது இன்னும் வெளியே வரவில்லை.